மூன்று கட்டத்து 'ட': நான் போட்ட சுழி சரியா?

சுண்ணக்கட்டி | வெள்ளி, இரவு 9.40

வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். உருமாற்றம் பாடம் முடித்து ஒரு தேர்வு வைத்தோம். வினாத்தாள் நான் தயாரித்ததில்லை, வெளியிலிருந்து வந்தது. விடைக்குறிப்பும் கூடவே வந்தது.

அதில் ஒரு கேள்வி. கட்டம் போட்ட தாளில் இரண்டு உருவங்கள். ஒவ்வொன்றும் மூன்று சதுரங்களை ஒட்டிச் செய்தது. இடப்பக்கம் இருப்பது 'ட' மாதிரி: கீழே இரண்டு சதுரம், இடது ஓரத்தில் அதன் மேல் ஒன்று. வலப்பக்கம் இருப்பது அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி. நடுவில் இரண்டு கட்டம் காலி. 'முதல் உருவம் எந்த உருமாற்றத்தால் இரண்டாவது உருவம் ஆகிறது?' விடைக்குறிப்பு சொல்வது: எதிரொளிப்பு.

ஒரு மாணவி 'சுழற்சி' என்று எழுதியிருந்தாள். சுழி போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று இடைவேளையில் மேசைக்கு வந்தாள். சண்டை எல்லாம் இல்லை. நோட்டு அட்டையில் அந்த மூன்று சதுரத்தை வெட்டி, ஒரு நீளமான வாலும் விட்டு வைத்திருந்தாள். வினாத்தாளில் முதல் உருவத்தின் மேல் அதை வைத்தாள். வால் முனையில் கவராய முள்ளைக் குத்தினாள். எங்கே குத்தினாள் என்றால், இரண்டு உருவத்துக்கும் நடுவில் கண்ணாடி நிற்க வேண்டிய கோட்டிலேயே, உருவத்தின் உச்சியைவிட ஒரு கட்டம் மேலே. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் சுற்று சுற்றினாள். அட்டை போய் இரண்டாவது உருவத்தின் மேல் அச்சாக உட்கார்ந்தது. "கண்ணாடியே வேண்டாமே டீச்சர்."

'சரி, போய் உட்கார், பார்க்கிறேன்' என்றேன். இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் செய்ததில் தப்பு எங்கே?

---

மணியடிச்சாச்சு | வெள்ளி, இரவு 10.05

தப்பு எங்கேயும் இல்லை. ஆனால் விடைக்குறிப்பில் இருப்பதற்குத்தான் மதிப்பெண். நாற்பது பேப்பரில் ஒன்றுக்கு மட்டும் விதியை மாற்றினால், நாளைக்கு முப்பத்தொன்பது பேர் அட்டை வெட்டிக்கொண்டு வருவார்கள்.

---

நாலாம் பெஞ்ச் | வெள்ளி, இரவு 10.11

முப்பத்தொன்பது பேர் அட்டை வெட்டிக்கொண்டு வந்தால் அது பிரச்சினையா சார்? எங்க வகுப்பில் கவராயத்தை எடுத்ததே பெஞ்சில் பேர் செதுக்கத்தான்.

---

பழைய கணக்கு | வெள்ளி, இரவு 11.20

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை அரிக்கிறது.

அந்தப் பெண்ணின் விடை முழுக்க முழுக்கச் சரி. எதிரொளிப்பு என்று எழுதியவர்களும் சரி. தப்பு கேள்வியில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று கட்டத்து 'ட' தனக்குள்ளேயே ஒரு சமச்சீர்க் கோட்டை வைத்திருக்கிறது. மூலையிலிருந்து சாய்வாக 45 டிகிரியில் மடித்துப் பாருங்கள், ஒரு கை இன்னொரு கையின் மேல் பொருந்தும். அப்படித் தனக்குள் கண்ணாடி இருக்கிற எந்த உருவத்துக்கும் வெளிக்கண்ணாடி தேவையில்லை. எதிரொளித்துக் கிடைப்பதைத் திருப்பியோ நகர்த்தியோகூடப் பெற்றுவிடலாம். இந்த உருவம் இங்கிருந்து அங்கே போகச் சரியாக இரண்டே வழிதான் உண்டு: ஒன்று விடைக்குறிப்பில் இருப்பது, இன்னொன்று உங்கள் மாணவி செய்தது.

இதுவாவது பரவாயில்லை. பல பயிற்சித் தாள்களில் ஒரு சதுரத்தைப் போட்டு, பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு சதுரத்தைப் போட்டு, 'இது என்ன உருமாற்றம்?' என்று கேட்கிறார்கள். குறிப்பில் 'இடப்பெயர்வு' என்றிருக்கும். அதற்கு எட்டு வழி இருக்கிறது. ஒன்று இடப்பெயர்வு, மூன்று சுழற்சி, ஒன்று எதிரொளிப்பு, மிச்சம் மூன்றும் எதிரொளித்துக்கொண்டே நழுவுகிறவை. பிள்ளை எதை எழுதினாலும் ஏதோ ஒன்று சரியாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒரு மதிப்பெண்ணை எந்தத் தைரியத்தில் வெட்டுவது?

முன்னும் பின்னும் இருக்கிற இரண்டு படத்தை மட்டும் வைத்து நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. எந்தப் புள்ளி எங்கே போனது என்று தெரிந்தால்தான் சொல்லலாம். மூலைகளுக்கு ஒரு அடையாளம் வைத்திருந்தால் கேள்வி நேராகியிருக்கும். சந்திப்பு மூலைக்குச் சிவப்புப் பொட்டு, நிமிர்ந்த கையின் முனைக்கு நீலம், படுத்த கையின் முனைக்குப் பச்சை. சிவப்பு, நீலம், பச்சை என்று விரலால் சுற்றிவரச் சொல்லுங்கள். முதல் உருவத்தில் கடிகாரத் திசை. இரண்டாவதிலும் கடிகாரத் திசையே வந்தால் திருப்பியிருக்கிறார்கள், அல்லது நகர்த்தியிருக்கிறார்கள். திசை மாறிப்போனால் எங்கேயோ கண்ணாடி வந்திருக்கிறது. ஒரு விரல், மூன்று பொட்டு, அவ்வளவுதான்.

---

மணியடிச்சாச்சு | சனி, காலை 6.50

ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'இதுவும் சரி, அதுவும் சரி' என்று சொன்னால் குழம்பிவிடும் என்பது என் அனுபவம்.

---

ஊசிநூல் | சனி, காலை 8.15

நான் டீச்சர் இல்லை. பிளவுஸ், சுடிதார் தைக்கிறேன். மகள் இந்த இழையைக் காட்டினாள். 'குழம்பிவிடும்' என்று எழுதியிருந்ததால் ஒன்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

தொழில் பழகிய புதிதில் நான் செய்த முதல் பெரிய தப்பு, ரவிக்கைக்கு இரண்டு கையும் ஒரே கையாக வெட்டியது. கைத்துண்டில் முன்பக்க வளைவு கொஞ்சம் உள்ளே போகும், பின்பக்கம் அவ்வளவு போகாது. ஒரு துண்டை வெட்டி, அதையே துணிமேல் வைத்து அடுத்ததையும் வெட்டினேன். தைக்கப் போனால் இரண்டும் இடது கை. எப்படித் திருப்பினாலும் இடது கைதான். தலைகீழாக வைத்தேன், சுற்றி வைத்தேன், வலது கை வரவே இல்லை. அன்றைக்குத் துணிக்காசு என் கூலியில் போனது.

இதனால்தான் துணியை இரண்டாக மடித்துப்போட்டு ஒரே வெட்டாக வெட்டுகிறோம். மடித்தால் ஒன்று இடது, ஒன்று வலது, தானாக வந்துவிடும்.

ஆனால் ஒரு விஷயம். வெறும் காடாத் துணி, உள்பக்கம் வெளிப்பக்கம் வித்தியாசமே தெரியாத துணி என்றால் தப்பித்தோம். ஒரு துண்டைப் புரட்டிப் போட்டால் போதும், வலது கை ஆகிவிடும். பிரிண்ட் போட்ட துணி, பட்டு என்றால் முடியாது. அந்தப் பாப்பா வெட்டிய அட்டைக்கு இரண்டு கையும் ஒரே அளவு, அதனால் புரட்டாமலே வந்துவிட்டது. என் கைத்துண்டுக்கு அந்த வசதி இல்லை.

---

பழைய கணக்கு | சனி, காலை 8.40

அம்மா, முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியதை நீங்கள் ஒரு ரவிக்கைக் கையில் சொல்லிவிட்டீர்கள்.

---

கோடிங் அப்பா | சனி, காலை 10.30

ஜியோஜீப்ராவில் இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. 2001இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய இலவச மென்பொருள், போனிலேயே ஓடும். உருவத்தைப் போட்டு, கோட்டைத் தொட்டால் எதிரொளிப்பு. புள்ளியைத் தொட்டு 90 என்றால் சுழற்சி. இந்தக் காலத்தில் அட்டையும் கவராயமும் எதற்கு என்று புரியவில்லை.

---

கோலப்புள்ளி | சனி, பகல் 12.10

கோடிங் சார், நான் நாலாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் போன் ஒன்றே ஒன்று, அது என்னுடையது, அதிலும் பாதி நேரம் வருகைப்பதிவு ஆப் சுற்றிக்கொண்டிருக்கும்.

அது போகட்டும். போன் முப்பது இருந்தாலும் நான் அட்டையில்தான் தொடங்குவேன். திரையில் விரலால் இழுத்தால் உருவம் வழுக்கிக்கொண்டு போய் நின்றுவிடுகிறது. எவ்வளவு திரும்பியது, எதைச் சுற்றித் திரும்பியது என்று பிள்ளை பார்ப்பதே இல்லை. அட்டையைக் குண்டூசியில் குத்தித் திருப்பும்போது ஊசி குத்தின இடம் மட்டும் அசையாமல் நிற்பது கைக்குத் தெரிகிறது. ஊசியை உருவத்துக்கு நடுவில் குத்து, மூலையில் குத்து, உருவத்துக்கு வெளியே வால் முனையில் குத்து: மூன்றும் மூன்று மாதிரி போகும். பெரும்பாலான பிள்ளைகள் சுழற்சி என்றால் பம்பரம் மாதிரி இருந்த இடத்திலேயே சுற்றுவது என்று நினைத்திருக்கிறார்கள். சுண்ணக்கட்டி டீச்சரின் மாணவி வெளியே ஊசி குத்தினாளே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதை யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

என் வகுப்பில் வேறு தொல்லை. சதுர அட்டையைப் பலகையில் நேராக ஒட்டினால் 'சதுரம்' என்று கத்துவார்கள். அதையே முனையில் நிற்கிற மாதிரி சாய்த்து ஒட்டினால் 'டைமண்ட்'. இரண்டும் ஒன்றா என்றால் 'இல்லை மிஸ், அது சாஞ்சிருக்கு'. இதைப் பற்றி ஹாலந்தில் வான் ஹீலே தம்பதியர், இருவரும் பள்ளி ஆசிரியர்கள், 1957இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் முதலில் உருவத்தை முகத்தை வைத்து அடையாளம் காண்கிறார்கள், பக்கம் எத்தனை, கோணம் எவ்வளவு என்ற பண்புகளுக்குப் பிறகுதான் வருகிறார்கள் என்பது அதன் சாரம். முகம் சாய்ந்தால் ஆளே வேறு.

நான் கண்டுபிடித்த வைத்தியம், ஒட்டாமல் இருப்பது. அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே மெதுவாகத் திருப்ப வேண்டும். 'எப்போ சதுரம் டைமண்ட் ஆச்சு? கையைத் தூக்கு.' ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் தூக்குவார்கள். அப்புறம் அவர்களுக்குள்ளேயே சண்டை வரும். அந்தச் சண்டையில் யாராவது ஒருவர் 'அதே அட்டைதானே' என்று சொல்வார். அது வரை நான் வாயைத் திறப்பதில்லை.

---

கோடிங் அப்பா | சனி, பகல் 1.00

சரி, போனை உள்ளே வைத்துவிட்டேன். 'எப்போ டைமண்ட் ஆச்சு' என்பதை இன்றைக்கே மகளிடம் கேட்கப் போகிறேன்.

ஒன்று மட்டும். லோகோ என்ற கணினி மொழியின் ஆமையைத் தெரியுமா? சேமோர் பாப்பர்ட்டும் கூட்டாளிகளும் 1960களின் இறுதியில் குழந்தைகளுக்காக உருவாக்கியது. 'முன்னே 50, வலம் 90' என்றால் ஆமை நடந்து கோடு போடும். சதுரம் யாரும் போட்டுவிடுவார்கள். முக்கோணம் போடச் சொன்னால் எல்லாரும் 60 என்று அடிப்பார்கள், ஏனென்றால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 என்று படித்தாயிற்று. ஆமை மூன்று தடவை நடந்து பாதி அறுகோணத்தில் போய் நிற்கும்! நானே அலுவலகத்தில் பைத்தானில் செய்துபார்த்து முழித்தேன். ஆமை திரும்ப வேண்டியது உள்கோணம் இல்லை, வெளிக்கோணம், 120.

---

கோலப்புள்ளி | சனி, பகல் 1.25

இதை எடுத்துக்கொள்கிறேன் சார். மைதானத்தில் பிள்ளையையே ஆமையாக்கிவிடலாம். கண்ணைக் கட்டிவிட்டு மற்றவர்கள் கட்டளை கொடுக்கட்டும். கரண்ட்டும் வேண்டாம்.

---

யாழ் கணக்கு | சனி, மாலை 4.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையைக் காலையிலிருந்து வாசிக்கிறேன். நீங்கள் எதிரொளிப்பு என்பதை நாங்கள் தெறிப்பு என்போம். 'இருபுடைச் சமச்சீர்' என்று எங்கள் பிள்ளைகள் படிப்பதை நீங்கள் எதிரொளிப்புச் சமச்சீர் என்கிறீர்கள். சுழற்சி இரண்டு பக்கமும் சுழற்சிதான், நல்ல காலம்.

பாகை எல்லாம் பிறகு. இடப்பெயர்வைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே? சுலபம் என்று விட்டுவிட்டீர்களா? என் வகுப்பில் கூடப் பிழை வருவது அதில்தான். 'உருவத்தை வலப்பக்கம் 5 கட்டம் நகர்த்து' என்று கொடுத்தால், பாதிப் பேர் உருவத்தின் வலது ஓரத்திலிருந்து ஐந்து வெற்றுக் கட்டம் எண்ணி, அதற்கு அப்பால் புதிய உருவத்தின் இடது ஓரத்தை வைப்பார்கள். உருவம் இரண்டு கட்டம் அகலம் என்றால் அது உண்மையில் ஏழு கட்டம் போயிருக்கும். இரண்டு உருவத்துக்கும் இடையில் உள்ள வெளியை அளக்கிறார்கள், பயணத்தை அல்ல. பஸ் ஐந்து மீற்றர் முன்னுக்குப் போனது என்றால் பஸ்ஸின் முன் பம்பர் எவ்வளவு போனது என்று கேட்போமா, பின் பம்பருக்கும் பழைய முன் பம்பருக்கும் நடுவில் எவ்வளவு என்று கேட்போமா? இப்படிக் கேட்ட பிறகுதான் ஒருத்தன் 'ஓ' என்றான். பழைய கணக்கு ஐயா சொன்ன அதே பொட்டு இங்கேயும் மருந்து. ஒரு மூலையில் பொட்டு, பொட்டு எத்தனை கட்டம் போனது, அவ்வளவே.

---

நாலாம் பெஞ்ச் | சனி, மாலை 5.20

டெட்ரிஸ் ஆடினவங்க யாரும் இல்லையா இங்கே? அதில் ஏழு துண்டு. குச்சி, சதுரம், நடுவில் கொம்பு வைத்தது, அப்புறம் இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒன்றுக்கொன்று கண்ணாடி. வலப்பக்கம் வளைந்த படிக்கட்டு வேண்டும்போது இடப்பக்கம் வளைந்தது வந்து விழும். எத்தனை தடவை பட்டனை அமுக்கினாலும் மாறாது, ஏன்னா திருப்பத்தான் பட்டன் உண்டு, புரட்டப் பட்டன் கிடையாது. புரட்டலாம் என்றால் ஏழு துண்டு ஐந்தாகிவிடும், ஆட்டமும் சப்பென்று ஆகிவிடும். ஸ்கூலில் எனக்கு இந்தப் பாடத்தில் ஒன்றுமே ஏறவில்லை. ஆனால் மொத்தமும் எனக்குத் தெரிந்திருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

---

ஊசிநூல் | சனி, இரவு 7.00

உங்கள் படிக்கட்டுத் துண்டுதான் தம்பி என் ரவிக்கைக் கை.

---

சுண்ணக்கட்டி | சனி, இரவு 9.15

இவ்வளவு பேர் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. திங்கள்கிழமை பாடத்தைத் திரும்பவும் எடுக்கலாமென்று இருக்கிறேன். ஜெராக்ஸ் கடையில் ஓ.எச்.பி. ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வாங்கிவிட்டேன், கண்ணாடித் துண்டும் கொஞ்சம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? கோலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் கோலம் போடத் தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் ஆறேழு பேர்தான்.

---

கோலப்புள்ளி | சனி, இரவு 10.00

என் பெயரே இப்படி இருந்தாலும் கோலத்தில் தொடங்காதீர்கள் என்பேன். எடுத்ததும் கோலம் என்றால் எல்லாமே சமச்சீராக இருக்கும், எதுவும் சமச்சீர் இல்லாதது கண்ணில் படாது. சமச்சீர் இல்லாத எழுத்தில் தொடங்குங்கள். உங்கள் 'ட'வேதான்.

'ட' என்று பெரிதாக எழுதி, அடிக்கோட்டின் வலது முனையில் கண்ணாடியை நிறுத்துங்கள். 'ப' வரும்! கொஞ்சம் அகலமான 'ப', ஆனால் 'ப'தான். வகுப்பே எழுந்து வந்து எட்டிப் பார்க்கும், தயாராக இருங்கள். கண்ணாடியை இடது ஓரத்துக்கு மாற்றினால் ஆங்கில டி தலைகீழாக நிற்கும். எழுத்தின் தலைக்கு மேலே படுக்கையாக வைத்தால் அதே 'ப' ஒருக்களித்துப் படுத்திருக்கும். இனி எந்த எழுத்து கண்ணாடியில் மாறாமல் இருக்கும் என்று அவர்களே தேடுவார்கள். 'ப' மாறாது. 'ஃ' மாறாது, அதோடு மூன்று புள்ளியையும் சமதூரத்தில் வைத்தால் 120 டிகிரிக்கு ஒரு தடவை சுழற்றினாலும் மாறாது. 'ழ'வைக் கண்ணாடியில் பார்த்தால் நாக்கே சுளுக்கிக்கொள்ளும்.

கோலத்துக்கு அடுத்த நாள் வாருங்கள். அதில் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? வாசலில் சிக்குக் கோலம் போடும்போது என் அம்மா ஒரு பக்கத்தைப் போட்டுவிட்டு, கோலத்தைச் சுற்றி நடந்து போய் அடுத்த பக்கத்தில் குனிவார். கை அதே அசைவைத்தான் செய்யும். திரும்புவது ஆள். நேர்ப்புள்ளி என்றால் நாலு இடத்தில் நிற்பார், 90 டிகிரி. ஏழிலிருந்து நாலு வரை ஊடுபுள்ளி என்றால் ஆறு இடம், 60 டிகிரி. அதையே நோட்டில் போடச் சொன்னால் பிள்ளைகள் நோட்டைத் திருப்பாமல் கையை முறுக்கிக்கொண்டு போடுவார்கள், மூன்றாவது பக்கத்தில் கம்பி தப்பிவிடும். 'நோட்டைச் சுத்துடா' என்று சொன்னால் போதும்.

சிக்குக் கோலங்களில் பல சுழற்சிக்குத்தான் ஒத்துவரும், கண்ணாடிக்கு ஒத்துவராது. கம்பி ஒரே திசையில் சுழித்துக்கொண்டு போகும். காகிதக் காத்தாடியும் அப்படித்தான். கண்ணாடியில் பார்த்தால் அது எதிர்ப்பக்கம் சுற்றும் காத்தாடி.

---

பழைய கணக்கு | சனி, இரவு 10.45

கோலத்தை வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தையும், விதிகளை வைத்து வடிவங்களை உருவாக்கும் கணினியியல் இலக்கணத்தையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று, சாய்ந்த கண்ணாடி. கோடு நேராக நின்றால் எல்லாப் பிள்ளையும் சரியாகப் போடும். கோட்டை 45 டிகிரி சாய்த்துவிட்டால், பிம்பத்தைக் கோட்டுக்குச் செங்குத்தாகக் கொண்டு போகாமல் தாளின் விளிம்புக்கு இணையாக வலப்பக்கம் தள்ளிவிடுவார்கள். எத்தனை தடவை 'செங்குத்துத் தூரம்' என்று கத்தினாலும் நடக்காது. தாளைத் திருப்பி, அந்தக் கோடு உங்கள் மூக்குக்கு நேரே நிற்கும்படி வைத்துக்கொண்டு போடு என்பேன். இல்லாவிட்டால் கோட்டில் மடித்து மூலைகளில் ஊசியால் குத்து, பிரித்துப் பார், ஓட்டைகளைச் சேர். ஊசி பொய் சொல்லாது.

பிள்ளைகள் தேறிவிட்டால் இரண்டு கண்ணாடி கொடுங்கள். இணையாக வைத்த இரண்டு கோட்டில் அடுத்தடுத்து எதிரொளித்தால் உருவம் வெறுமனே நகர்ந்திருக்கும், கோடுகளுக்கு இடையில் உள்ள தூரத்தைப்போல் இரண்டு மடங்கு. கோடுகள் வெட்டிக்கொண்டால் சுழன்றிருக்கும், இடைக்கோணத்தைப்போல் இரண்டு மடங்கு. ஏழாம் வகுப்புக்கு இது வேண்டுமா என்று மணியடிச்சாச்சு கேட்பார். வேண்டாம்தான். ஆனால் அட்டை வெட்டின அந்தப் பெண்ணுக்கு வேண்டும்.

---

யாழ் கணக்கு | ஞாயிறு, காலை 7.30

நழுவித் தெறிப்பதை ஐயா எட்டு வழிக் கணக்கில் சொல்லிவிட்டு அப்படியே போய்விட்டார். அதற்கு ஈரக்காலோடு சீமெந்துத் தரையில் நடந்தால் போதும். இடது, வலது, இடது, வலது. ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குப் போக, முன்னுக்கு ஒரு எட்டு நகர்த்தி, நடுக்கோட்டில் தெறிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் பொருந்தாது.

---

ஊசிநூல் | ஞாயிறு, காலை 9.10

கிருஷ்ண ஜெயந்திக்கு வாசலிலிருந்து பூஜை அறை வரை குட்டிப் பாதம் போடுவோமே, அதுவா? கையை மூடி, மாவுக்கரைசலில் ஓரத்தைத் தொட்டு அழுத்தி, விரலுக்குப் பொட்டு வைப்போம். இடக்கையால் ஒன்று, வலக்கையால் ஒன்று. ஒரு வருஷம் என் மகள் வலக்கையாலேயே எல்லாவற்றையும் போட்டுவிட்டாள். கிருஷ்ணர் ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வந்த மாதிரி இருந்தது.

---

நாலாம் பெஞ்ச் | ஞாயிறு, காலை 9.14

அக்கா, அந்த வருஷம்தான் வெண்ணெய் தீராமல் இருந்திருக்கும்.

---

சுண்ணக்கட்டி | செவ்வாய், இரவு 8.50

எடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

'ட'வும் கண்ணாடியும் எதிர்பார்த்ததைவிடச் சத்தமாக இருந்தது, பக்கத்து வகுப்பு சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 'ப' தெரிந்ததும் ஒருவன் "டீச்சர், 'பட்டம்' என்பதில் பாதி எழுத்தை நான் எழுத வேண்டாம், கண்ணாடி எழுதிக்கும்" என்றான்.

அப்புறம் ஓ.எச்.பி. ஷீட்டில் அந்த மூன்று கட்டத்து உருவத்தை வரைந்து, மூன்று நிறத்தில் பொட்டு. அதே வினாத்தாள் கேள்வியைப் பலகையில் போட்டேன். அவளை வரச்சொல்லித் திருப்பிக் காட்டச் சொன்னேன். நீலப் பொட்டு நிமிர்ந்த கையிலிருந்து படுத்த கைக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் நீலம் நிமிர்ந்த கையிலேயே இருந்தது. இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். 'இப்போது சொல்லுங்கள், கேள்வியில் பொட்டு இருந்ததா?' இல்லை. 'அப்போது?' ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசையில் ஒருத்தி, "கேள்விக்குத்தான் டீச்சர் மார்க் குறைக்கணும்."

குழம்பியவர்கள் இருந்தார்கள், மணியடிச்சாச்சு சார். ஐந்து பேருக்கு இன்னும் புரியவில்லை. நாளைக்கு அவர்களோடு தனியாக உட்கார வேண்டும். யாழ் கணக்கு சொன்ன அந்த ஐந்து கட்டப் பிழை என் வகுப்பிலும் பதினோரு பேருக்கு இருந்தது. இத்தனை நாள் அதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பையன் மட்டும் விடாமல் இருக்கிறான். ஒரு கை நீளமான 'ட'வை வெட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வராது என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசியில் ஷீட்டையே புரட்டிப் போட்டான். பொருந்திவிட்டது. "இது எதிரொளிப்பா டீச்சர்? நான் கண்ணாடி வைக்கலையே. சுத்தித்தானே விட்டேன்?"

---

பழைய கணக்கு | செவ்வாய், இரவு 9.30

சுற்றித்தான் விட்டான். தாளைவிட்டு மேலே தூக்கி, கோட்டை அச்சாக வைத்து அரைச் சுற்று. தாளுக்குள்ளேயே இருந்தால் அதன் பெயர் எதிரொளிப்பு, தாளுக்கு வெளியே வர அனுமதி கொடுத்தால் அதுவே சுழற்சி. ஊசிநூல் அம்மாவின் காடாத்துணி.

---

மணியடிச்சாச்சு | செவ்வாய், இரவு 9.42

அந்த ஒரு மதிப்பெண் என்னவாயிற்று?

---

சுண்ணக்கட்டி | செவ்வாய், இரவு 9.55

கொடுத்துவிட்டேன். பட்டியல் ஏற்கெனவே மேலே போய்விட்டது, திருத்தக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 'காரணம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. இடம் ஒரு வரிதான் இருக்கிறது.